விமானி எப்படிக் கடற்படைத் தளபதி ஆனார்? அட்மிரல் அருண் பிரகாஷ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் விமானம் ஓட்டிய ஒருவர் கடற்படைக்கே தலைமைத் தளபதி ஆனார் என்று சொன்னால் பலர் நம்பத் தயங்குகிறார்கள். "விமானம் ஓட்டினால் விமானப்படைதானே?" என்பதுதான் முதலில் வரும் கேள்வி. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

அருண் பிரகாஷ் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாக 2004 ஜூலை 31 முதல் 2006 அக்டோபர் 31 வரை இருந்தவர். 1944-ல் காஷ்மீரின் அனந்தநாகில் பிறந்தார். கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாதெமியில் படித்து, 1966 ஜனவரியில் அதிகாரியானார். தொழிலில் போர் விமானி. 1971 போரில் வீர் சக்ரா வாங்கியவர். சீ ஹாரியர் போர் விமானங்கள் இந்தியாவுக்கு வந்தபோது அந்த ஸ்குவாட்ரனுக்கு (விமானக் குழுவுக்கு) தலைவர். அப்புறம் கப்பல்களுக்குத் தலைவர், பிறகு கப்பல் கூட்டத்துக்கு, கடைசியில் கடற்படைக்கே.

விமானப்படை இருக்கும்போது கடற்படைக்குத் தனியாக விமானி எதற்கு?

கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருக்கும் கப்பலுக்கு மேலே எதிரி விமானம் வந்தால், கரையிலிருந்து உதவி வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் கடற்படை தன் ஓடுதளத்தைத் தன்னுடனேயே கொண்டுபோகிறது. அதுதான் விமானந்தாங்கிக் கப்பல். நீர்மூழ்கியைத் தேடுவது, தொலைவில் வரும் கப்பலை அடையாளம் காண்பது, இதெல்லாமும் கடற்படை விமானியின் வேலைதான். வானத்தில் பறந்தாலும் அவர் கண் கடல் மேல்தான் இருக்கும்.

இந்தியாவுக்கு முதல் விமானந்தாங்கியாக ஐஎன்எஸ் விக்ராந்த் வந்தது 1961-ல். அதற்கு முந்தைய ஆண்டு, 1960 ஜூலையில், அதன் சீ ஹாக் ஜெட் விமானங்களுக்கான ஸ்குவாட்ரன் பிரிட்டனிலேயே தொடங்கப்பட்டது. அதன் பெயர் ஐஎன்ஏஎஸ் 300, செல்லப்பெயர் வெள்ளைப் புலிகள். அருண் பிரகாஷ் போர் விமானியாக வளர்ந்தது இந்தப் புலிகளிடம்தான்.

கப்பல் மேல் விமானத்தை இறக்குவது அவ்வளவு கஷ்டமா?

கஷ்டம்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால்தான் கடற்படை விமானிகளுக்கு இருக்கும் அந்தத் தனிப் பெருமை எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

விக்ராந்தின் மொத்த நீளமே சுமார் 213 மீட்டர். இறங்குவதற்குக் கிடைப்பது அதில் ஒரு பகுதி மட்டும். தரையில் ஒரு ஜெட் விமானத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடுதளம் கொடுப்பார்கள். இங்கே அந்தத் துண்டு இடமும் முன்னே நகர்ந்துகொண்டிருக்கும், அலையில் ஏறி இறங்கும். விமானத்தின் வாலுக்கு அடியில் ஒரு கொக்கி தொங்கும். கப்பலின் மேல்தளத்தில் குறுக்கே தடித்த எஃகுக் கம்பிகள் சில கட்டப்பட்டிருக்கும். கொக்கி ஏதாவது ஒரு கம்பியில் மாட்ட வேண்டும். மாட்டினால் விமானம் சில நொடிகளில் நிற்கும். மாட்டாவிட்டால்?

இங்கேதான் வேடிக்கை. சக்கரம் தளத்தைத் தொட்ட அந்த நொடியில், சாதாரண மனிதன் இன்ஜினைக் குறைப்பான். கப்பல் விமானியோ முழு வேகத்துக்குத் தள்ளுவார். கம்பி பிடிக்கவில்லை என்றால் தளத்தின் ஓரம் தாண்டி மறுபடி மேலே எழ வேண்டுமே! நிற்கப்போகிறோமா பறக்கப்போகிறோமா என்று முடிவாகும் முன்பே பறப்பதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

இறங்கும் கோணம் சரியா என்று காட்ட, தளத்தின் ஓரத்தில் ஒரு கண்ணாடி இருக்கும். அதில் பச்சை விளக்குகளின் வரிசைக்கு நடுவே ஓர் ஒளிப்புள்ளி தெரியும். புள்ளி வரிசைக்கு மேலே போனால் நீங்கள் உயரத்தில் இருக்கிறீர்கள், கீழே போனால் ஆபத்து. கடைசி நொடி வரை கண் அந்தப் புள்ளியை விட்டு நகரக் கூடாது.

இன்னொன்று. சீ ஹாக்கில் ஒரே ஒரு இருக்கைதான், பின்னால் ஆசிரியர் உட்கார இடமே கிடையாது. ஆக, கப்பலில் முதன்முறையாக இறங்குகிறவரும் தனியாகத்தான் இறங்கியாக வேண்டும்.

விக்ராந்தின் தளத்தில் முதலில் ஜெட் விமானத்தை இறக்கியவர் லெப்டினன்ட் ஆர். எச். தஹிலியானி, 1961 மே 18-ல். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

1971 போரில் அருண் பிரகாஷ் விக்ராந்தில் இருந்தாரா?

இல்லை, அதுதான் சுவாரசியம். விக்ராந்தின் சீ ஹாக்குகள் வங்கக் கடலில் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிக்கொண்டிருந்தபோது, அருண் பிரகாஷ் கடலே இல்லாத பதான்கோட்டில் இருந்தார். ஒரு படையின் விமானி இன்னொரு படையில் சில காலம் பணிபுரியும் ஏற்பாடு உண்டு. அப்படி அவர் விமானப்படையின் 20-வது ஸ்குவாட்ரனில் ஹண்டர் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். அதன் தலைவர் விங் கமாண்டர் சி. வி. பார்க்கர், அந்தப் போரில் மகாவீர் சக்ரா பெற்றவர்.

அந்த ஸ்குவாட்ரனுக்குக் கிடைத்த வேலை மேற்குப் பாகிஸ்தானுக்குள் வெகுதூரம் போய் விமானத் தளங்களைத் தாக்குவது. பகலில், தாழப் பறந்து, திரும்பி வரும் அளவுக்கு மட்டும் எரிபொருளோடு. அதற்காகத்தான் கடற்படை லெப்டினன்ட் ஒருவர் வீர் சக்ரா வாங்கினார். விமானப்படைக்காரர்களோடு ஒரே கூடாரத்தில் போர் செய்த இந்த அனுபவம் பின்னாளில் முப்படைகளையும் பற்றி அவர் பேசும்போதெல்லாம் தெரிந்தது என்பது என் எண்ணம்.

சக் யேகரின் விமானத்தை அழித்தவர் இவர்தான் என்கிறார்களே?

அப்படி ஒரு பேச்சு உண்டு. ஒலியின் வேகத்தை முதலில் மிஞ்சிய அமெரிக்க விமானியான சக் யேகர் அப்போது பாகிஸ்தானில் அமெரிக்க ராணுவ உதவிக் குழுவின் பொறுப்பில் இருந்தார். அவருடைய பயன்பாட்டுக்குக் கொடுக்கப்பட்ட சிறிய பீச்கிராஃப்ட் விமானம் இஸ்லாமாபாத்தை ஒட்டிய சக்லாலா தளத்தில் நின்றிருந்தது. ஹண்டர் தாக்குதலில் அது எரிந்துபோனது. யேகர் இதை இந்தியாவின் திட்டமிட்ட அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார். தாழப் பறந்துகொண்டு, சுடுகிற பீரங்கிகளுக்கு நடுவே, சில நொடிகள் மட்டுமே கிடைக்கிற விமானிக்குக் கீழே நிற்பது யார் வண்டி என்று பார்க்க நேரம் ஏது?

சீ ஹாரியர் கதை என்ன?

அவர் வாழ்க்கையில் நான் மிகவும் ரசிக்கும் பகுதி இது.

1970-களின் முடிவில் சீ ஹாக்குக்கு வயதாகிவிட்டது. விக்ராந்தோ சிறிய கப்பல். புதிய கனமான ஜெட் விமானங்கள் அதில் இறங்காது. கடற்படைக்கு விமானந்தாங்கியே வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்களுக்கு அது வசதியான வாதம். அந்த நேரத்தில் பிரிட்டிஷ் சீ ஹாரியர் வழி காட்டியது. அதன் இன்ஜின் காற்றை நான்கு குழாய்கள் வழியாக வெளியே தள்ளும். விமானி ஒரு நெம்புகோலை இழுத்தால் நான்கும் கீழ்நோக்கித் திரும்பும். விமானம் அந்தரத்தில் நிற்கும், பக்கவாட்டில் நகரும், நேராகக் கீழே இறங்கும். கொக்கியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். இறங்கிவிட்டு நிற்பதைவிட நின்றுவிட்டு இறங்குவது மேல் என்று ஹாரியர் விமானிகள் கேலியாகச் சொல்வதுண்டு.

இந்தியா 1979-ல் முதல் தொகுதிக்கு ஒப்பந்தம் போட்டது: ஒற்றை இருக்கை விமானம் 6, பயிற்சி விமானம் 2. அவை வந்துசேரும் முன்பே 1982-ல் பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே ஃபாக்லாந்து போர் வந்தது. சீ ஹாரியரின் பெயர் உலகம் முழுக்கப் பரவியது.

அருண் பிரகாஷ் தலைமையில் இந்திய விமானிகள் இங்கிலாந்தின் யோவில்டன் தளத்தில் பயிற்சி பெற்றார்கள். விமானங்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை, ஓட்டிக்கொண்டே வந்தார்கள். மால்டா, எகிப்து, துபாய் வழியாக மூன்று சீ ஹாரியர்கள் 1983 டிசம்பர் 16 அன்று கோவாவின் டபோலிமில் வந்து இறங்கின. ஒற்றை இன்ஜின், ஒற்றை விமானி, கீழே பாலைவனமும் கடலும். அதே மாதத்தில் விக்ராந்தின் தளத்திலும் இறங்கிவிட்டன.

சிரமமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஹாரியர் கோபக்காரக் குதிரை. பறப்பதிலிருந்து அந்தரத்தில் நிற்பதற்கு மாறும் அந்தச் சில நொடிகளில் சின்னத் தவறையும் மன்னிக்காது. அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்தியா வாங்கியவற்றில் பாதிக்கு மேல் விபத்துகளில் போயின. நல்ல விமானிகளும் போனார்கள். 2016 மே மாதம் வெள்ளைப் புலிகள் ஹாரியருக்கு விடைகொடுத்து மிக் 29-கே விமானத்துக்கு மாறினார்கள்.

சரி, விமானி எப்படிக் கப்பலுக்குத் தலைவர் ஆக முடியும்?

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். கடற்படை விமானி முதலில் கடலோடி, அப்புறம்தான் விமானி. அகாதெமி வழியாக நிரந்தரப் பணிக்கு வருகிறவர் இளம் அதிகாரியாகக் கப்பலில் இருந்து, கப்பலை ஓட்டும் காவல் பணியைக் கற்றுத் தேர்ந்தாக வேண்டும். நள்ளிரவில் கப்பலின் மேல்மாடத்தில் நின்று, எதிரே தெரியும் விளக்கு மீன்பிடிப் படகா சரக்குக் கப்பலா என்று கணித்து, திசை மாற்றச் சொல்லும் வேலை. அதன் பிறகுதான் பறப்பது.

ஒரு ஸ்குவாட்ரனை நடத்தி முடித்ததும் விமானிக்கு முன்னால் இரண்டு பாதைகள் தெரியும். பறந்துகொண்டே இருக்கலாம். மனசுக்குச் சுகம், ஆனால் பதவி ஓரளவோடு நின்றுவிடும். இல்லை, விமானத்தைவிட்டு இறங்கிக் கப்பலுக்குப் போகலாம். மேலே போக வேண்டும் என்றால் இந்த இரண்டாவதுதான் வழி. கப்பலிலேயே ஊறிய சக அதிகாரிகள் அதற்குள் பத்தாண்டு அனுபவத்தோடு முன்னால் நிற்பார்கள். விமானி அவர்களோடு போட்டி போட வேண்டும், அதுவும் அவர்களுடைய மைதானத்தில்.

அருண் பிரகாஷ் நடத்திய கப்பல்களைப் பாருங்கள். ஐஎன்எஸ் சாதக் என்ற ஏவுகணைப் படகு: சுமார் முப்பது பேர் மட்டுமே இருக்கும் சின்னக் கலம். பிறகு ஐஎன்எஸ் கங்கா என்ற ஃப்ரிகேட் (நடுத்தரப் போர்க்கப்பல்): முந்நூறு பேருக்கு மேல், கூடவே ஹெலிகாப்டர்கள். பிறகு ஐஎன்எஸ் விராட் விமானந்தாங்கி: ஒரு சின்ன ஊர் அளவுக்கு ஆட்கள். நடுவே கோவாவில் ஐஎன்எஸ் ஹன்சா விமானத் தளம். சாதக்கில் ஒரு தவறு நடந்தால் தலைவர் கையாலேயே திருத்திவிடலாம். விராட்டில் அது முடியாது, அடுத்தவர் கையை நம்பித்தான் வேலை. ஒற்றை இருக்கை விமானத்தில் வளர்ந்தவருக்கு அது எளிதாக வரும் பழக்கம் அல்ல.

ஒரு சுவை என்னவென்றால், ஃபாக்லாந்து போரில் ஹாரியர்களைச் சுமந்த பிரிட்டிஷ் கப்பல் ஹெர்மிஸ்தான் 1987-ல் விராட் ஆனது. ஹாரியரைக் கொண்டுவந்தவரே பின்னால் ஹாரியர் கப்பலை நடத்தினார்.

விமானந்தாங்கிக்கு விமானிதான் தலைவராக வேண்டும் என்று சட்டம் உண்டா?

அமெரிக்காவில் உண்டு, 1926 முதல். அதனால் அங்கே தலைகீழான கூத்து நடந்தது. கப்பல் அதிகாரிகளாகவே வளர்ந்த எர்னஸ்ட் கிங் 48 வயதிலும், வில்லியம் ஹால்ஸி 52 வயதிலும் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் கிங்தான் அமெரிக்கக் கடற்படைக்குத் தலைவர். இந்தியாவில் அப்படிக் கட்டாயம் இல்லை. விமானி அல்லாதவர்களும் விராட்டை நடத்தியிருக்கிறார்கள்.

அந்தமானில் அவர் என்ன செய்தார்?

கார்கில் போருக்குப் பிறகு, மூன்று படைகளும் ஒரே தலைமையின் கீழ் இயங்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. சோதனைக் களமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அந்தமான் நிக்கோபார். 2001 அக்டோபரில் அங்கே முப்படைக் கூட்டுத் தலைமையகம் தொடங்கியது. அதன் முதல் தளபதி அருண் பிரகாஷ். ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றும் ஒருவருக்கு அறிக்கை அனுப்புவது அதுவரை நடக்காதது. தங்கள் ஆட்களையும் பணத்தையும் இன்னொரு படைக்காரர் கையில் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? அங்கே நேரில் பட்டதால்தான் போலிருக்கிறது, முப்படைக்கும் ஒரே தலைமைத் தளபதி வேண்டும் என்று ஓய்வுக்குப் பிறகும் விடாமல் எழுதினார். அந்தப் பதவி 2020 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

அந்தமானுக்குப் போவதற்கு முன்பு கிழக்குக் கப்பற்படைப் பிரிவின் தளபதியாகவும், தான் படித்த அகாதெமிக்கே தலைவராகவும் இருந்தார்.

சுனாமி வந்தபோது கடற்படை என்ன செய்தது?

அவர் தலைமைத் தளபதியாகப் பதவியேற்று ஐந்தே மாதம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினத்தையும் கடலூரையும் நாம் மறக்க முடியாது. கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளமே அடித்துச் செல்லப்பட்டது. இரண்டு ஆண்டுகள் முன்புவரை அவர் பொறுப்பில் இருந்த தீவுகள் அவை.

அன்றைக்கே கப்பல்கள் கிளம்பத் தொடங்கின. தமிழக, ஆந்திரக் கரைக்கு ஆபரேஷன் மதத், அந்தமானுக்கு ஸீ வேவ்ஸ், இலங்கைக்கு ரெயின்போ, மாலத்தீவுக்கு காஸ்டர், இந்தோனேசியாவுக்கு கம்பீர் என்று ஐந்து நடவடிக்கைகள் ஒரே நேரத்தில். மொத்தம் முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள். கடலின் ஆழம் அளக்கும் கப்பல்களான ஜமுனாவையும் நிரூபக்கையும் அவசரமாக மருத்துவமனைக் கப்பல்களாக மாற்றி, ஒன்றை இலங்கைக்கும் மற்றதை இந்தோனேசியாவின் மெலபோவுக்கும் அனுப்பினார்கள். சொந்த வீட்டில் சாவு விழுந்திருக்கும்போது பக்கத்து வீட்டுக்கும் ஓடியதை உலக நாடுகள் கவனித்தன. அதுவரை உதவி வாங்கும் நாடாகவே இந்தியாவைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்.

அவர் காலத்தில் சறுக்கலே இல்லையா?

இருந்தது. 2005-ல் கடற்படையின் போர் அறையிலிருந்து ரகசியத் தகவல்கள் பென் டிரைவ் வழியாகக் கசிந்தது வெளியே வந்தது. அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் தளபதியின் மனைவி வழி உறவினர் என்பது அவருக்குத் தனிப்பட்ட சங்கடம். தளபதிமீது குற்றச்சாட்டு எதுவும் பதியப்படவில்லை. ஆனாலும் அந்தக் கடைசி ஆண்டு அவருக்கு இனிமையாக இருந்திருக்க முடியாது.

ஏன் இரண்டேகால் ஆண்டு மட்டும்?

மூன்று ஆண்டு அல்லது 62 வயது, எது முந்தியோ அது. அவருக்கு வயது முந்தியது.

வேறு விமானிகள் தளபதி ஆகியிருக்கிறார்களா?

மேலே சொன்ன தஹிலியானிதான் முதலில்: 1984 முதல் 1987 வரை தலைமைத் தளபதி, பிறகு சிக்கிம் ஆளுநர். அருண் பிரகாஷுக்கு அடுத்து வந்த சுரீஷ் மேத்தாவும் விமானி. 2019-ல் வந்த கரம்பீர் சிங் ஹெலிகாப்டர் விமானி, அந்தப் பிரிவிலிருந்து தலைமைக்கு வந்த முதல் ஆள். அவரும் ஐஎன்எஸ் ராணா, ஐஎன்எஸ் டெல்லி போன்ற கப்பல்களை நடத்திய பிறகுதான் அங்கே போனார். நால்வரின் பணிப் பட்டியலிலும் கப்பல் பெயர்கள் இருக்கும். கப்பல் இல்லாமல் யாரும் போகவில்லை.

தமிழ்நாட்டுக்கும் கடற்படை விமானத்துக்கும் தொடர்பு உண்டா?

நிறையவே. இன்று கோவாவில் இருக்கும் ஐஎன்எஸ் ஹன்சா 1961 செப்டம்பரில் தொடங்கப்பட்டது கோவை பக்கத்துச் சூலூரில். கோவா விடுதலைக்குப் பிறகு, 1964-ல்தான் டபோலிமுக்கு இடம் மாறியது. அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி 1992 முதல் இருக்கிறது. நாட்டின் மிக நீளமான ஓடுதளங்களில் ஒன்று அங்கே, சுமார் 4.1 கிலோமீட்டர். கடற்படை ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி பெறுவதும், நீர்மூழ்கி தேடும் பி-8ஐ விமானங்களில் ஒரு பகுதி நிற்பதும் அங்கேதான். அரக்கோணம் வழியாக ரயிலில் போகும்போது ஜன்னலோரம் கிடைத்தால் கொஞ்சம் மேலே பாருங்கள். ராமநாதபுரம் உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து வேறு இருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகு?

கோவாவில் குடியேறினார். தேசியக் கடல்சார் அறக்கட்டளைக்குத் தலைவராக இருந்தார், தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவிலும் இருந்தார். பத்திரிகைகளில் எழுதுகிறார். அரசுக்குப் பிடிக்காததையும் எழுதுவார்.

அவர் ஓட்டிய விமானங்களைப் பார்க்க முடியுமா?

முடியும். கோவா டபோலிம் விமான நிலையத்திலிருந்து போக்மாலோ கடற்கரைக்குப் போகும் வழியில் கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கிறது. சீ ஹாக், சீ ஹாரியர் இரண்டும் வெளியே திறந்தவெளியில் நிற்கின்றன. எல்லோரும் முன்பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் சீ ஹாக்கின் பின்னால் போய் வாலுக்கு அடியில் குனிந்து பாருங்கள். அந்தக் கொக்கி இருக்கும் இடம் தெரியும்.